எலிக்கு இல்லாத காவல்: பிளேக் நோயும் எம்மவர் வரலாறும்

1990ஆம் ஆண்டு ஆவணி மாதம் பேசாலைக் கரையில் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய எம்மை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அப்போது இருபது வயது. பெயரும் ஊரும் பதிந்து, அரிசியும் பாயும் தந்து, நீண்ட பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறையைக் காட்டினார்கள். முகாம் வாசலில் இட்லி விற்கும் வயதான அம்மா ஒருவர் இருந்தார். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அனுப்பப்பட்டு, போவதற்கு வேறிடம் இல்லாமல் முகாமைச் சுற்றியே வாழ்ந்து வந்தவர். ஒருநாள் அவர் சொன்னார்:

"தம்பி, இது ஒங்களுக்காகக் கட்டுனது இல்ல. எங்களுக்காகவும் கட்டுனது இல்ல. பிளேக்குக்காகக் கட்டுனது. எங்க அம்மா இந்த எடத்துலதான் ஆறு நாளு கெடந்துச்சு. உடுப்ப அவிச்சுக் குடுத்தப்புறம்தான் கப்பலேத்துனாங்க."

பிளேக் எலியால் வரும் நோய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். எலியை விட்டுவிட்டு ஆட்களை ஏன் அடைத்தார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எலி என்னா தம்பி, தோட்டத்துக்கு வேலைக்கா போகுது?"

பின்னர் நான் ஊர் திரும்பி, வரலாறு படித்து, பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் படிப்பித்தேன். 2012இல் மீண்டும் கடலேறினேன். இன்று பென்டில் ஹில்லில் வாடகை அறையொன்றில் இருந்துகொண்டு, அதிகாலை சிப்டுக்கு மேற்கு சிட்னியின் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்வருகிறேன். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் அந்த அம்மாவின் கேள்வியை நான் ஒரு நாளும் ஆராயவில்லை. தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரத்தில்தான் அது என்னிடம் திரும்பி வந்தது. அது எப்படி வந்தது என்பதைக் கடைசியில் கூறுகிறேன். முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

எலி, தெள்ளு, மனிதர்

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் எமக்குப் புதியவை அல்ல. விசர்நாய்க்கடி எமது கிராமங்கள் எல்லாம் அறிந்த ஒன்று. வயற்காரருக்கு எலிக்காய்ச்சல் தெரியும். மனிதரைத் தாக்கும் அறியப்பட்ட தொற்று நோய்களில் அரைப்பங்குக்கு மேற்பட்டவை விலங்குகளோடு தொடர்புடையவை என்பது இன்றைய வைத்திய அறிவு. ஆயினும் உலக வரலாற்றில் பிளேக் அளவுக்கு அரசுகளையும் சட்டங்களையும் நகரங்களையும் மாற்றியமைத்த விலங்கு நோய் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

பிளேக் அடிப்படையில் எலிகளின் நோய். 1894இல் ஹொங்கொங்கில் அலெக்சாந்தர் யெர்சன் அதன் கிருமியைக் கண்டறிந்தார். அது எவ்வாறு பரவுகிறது என்பது மேலும் நான்கு ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1898இல் கராச்சியில் போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர், நோயுற்ற எலியிலிருந்து நல்ல எலிக்கு நோயைக் கொண்டுசெல்வது தெள்ளுப்பூச்சியே என்று பரிசோதனை மூலம் காட்டினார். எலி செத்து உடல் குளிர்ந்ததும் அதிலிருந்த தெள்ளுகள் வெளியேறி வேறு இரத்தம் தேடுகின்றன. பக்கத்தில் எலி இல்லையென்றால் மனிதர். காலில் கடித்தால் அரையில் நெறி கட்டும். கையில் கடித்தால் கமக்கட்டில். காய்ச்சல் ஏறி, அன்று மருந்தில்லாத நிலையில், பிடிபட்டவர்களில் பெரும் பகுதியினர் இறந்தார்கள். நெஞ்சுக்குள் இறங்கும் வகை மட்டுமே மூச்சினால் ஆளுக்கு ஆள் தொற்றும். நெறி கட்டும் வகை, நோயாளிக்கு அருகில் இருப்பவரை விட, செத்த எலிக்கு அருகில் இருப்பவருக்கே ஆபத்தானது.

சிமோன் சொன்னதை உடனே நம்பியவர்கள் மிகக் குறைவு. இந்தியாவில் ஆராய்ச்சிக் குழுவொன்று அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவதற்கு 1905க்குப் பின்னரான சில ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அரசுகள் என்ன செய்தன என்பதே எமது அக்கறைக்குரியது.

பம்பாய்: பயந்தவர்கள் மறைத்தார்கள்

1896 செப்ரெம்பரில் பம்பாய் மாண்டவிப் பகுதியில் டொக்டர் அக்காசியோ வியேகஸ் பிளேக் நோயை அடையாளம் கண்டார். மாண்டவி துறைமுகத்தை அண்டியது. தானியக் கிட்டங்கிகள் நிறைந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானிய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வீடு புகுந்து சோதிக்கவும், பயணிகளை ரயிலில் இருந்து இறக்கிப் பார்க்கவும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்தை முகாமுக்கும் கொண்டுபோகவும் அதிகாரிகளுக்கு அதன் கீழ் அதிகாரம் இருந்தது. பூனாவில் இராணுவத்தினர் வீடு வீடாக நுழைந்தார்கள். அந்த நடவடிக்கைக்குப் பொறுப்பான றாண்ட் என்ற அதிகாரி 1897 யூன் 22 இரவு சுடப்பட்டார். சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இது தேசிய வரலாற்று நூல்களில் வரும் கதை.

அவற்றில் அதிகம் எழுதப்படாத இன்னொரு பக்கம் உண்டு. சனங்கள் நோயாளிகளை ஒளித்தார்கள். மரணத்தை மறைத்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக நகரை விட்டு ஊருக்கு ஓடினார்கள். ஓடியவர்களின் மூட்டை முடிச்சுகளோடும், தானிய மூட்டைகளோடும் நோயும் பயணம் செய்தது. அதிகாரிகள் கூட்டத்தைக் காவல் காத்தார்கள். கிட்டங்கி எலிகள் காவலின்றித் திரிந்தன. அடுத்த மூன்று தசாப்தங்களில் இந்தியாவில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் பிளேக்கினால் இறந்தனர்.

இதே பம்பாயில்தான் வால்டெமார் ஹாவ்கின், தான் தயாரித்த பிளேக் தடுப்பூசியை 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். ஒடேசாவில் பிறந்த அந்த யூதர் தன்னார்வலர்களுக்கு விளக்கம் கூறி ஊசி போட்ட முறைக்கும், இராணுவம் கதவைத் தட்டிய முறைக்கும் இடையிலான வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் "பொதுச் சுகாதாரம்" என்ற ஒரே பெயரில்தான் நடந்தன.

சிட்னி: வண்டிக்காரரும் கப்டனும்

ஹொங்கொங்கிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கப்பல் போன திசையெல்லாம் எலிகளும் போயின. 1899 டிசம்பரில் நியூ கலிடோனியாவின் நூமியாவில் பிளேக் தோன்றியது. அடுத்த மாதம் சிட்னியின் முறை.

பென்டில் ஹில்லிலிருந்து ரயிலேறினால் சுமார் ஒரு மணித்தியாலத்தில் சேர்க்குலர் கீ வந்துவிடும். உறவினர் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால் ஒபரா ஹவுஸ் காட்டுவதற்கு நாம் கூட்டிச் செல்லும் இடம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள த றொக்ஸ் என்ற பழைய பகுதியில், பெரி லேனில், ஆதர் பெய்ன் என்ற வண்டிக்காரர் குடியிருந்தார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவது அவரது தொழில். 1900 ஜனவரி 19 அன்று அவருக்கு நோய் கண்டது. சிட்னியின் முதல் பிளேக் நோயாளி அவர்தான். அவரையும் குடும்பத்தாரையும் துறைமுக வாயிலில் உள்ள நோர்த் ஹெட் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

முதலில் இறந்தவர் தோமஸ் டட்லி. சட்டம் படித்தவர்கள் இந்தப் பெயரை அறிவார்கள். 1884இல் 'மின்யோனெற்' என்ற பாய்க்கப்பல் மூழ்கியபின், பட்டினியில் கப்பல் பையனைக் கொன்று தின்றதற்காக இங்கிலாந்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆறு மாதச் சிறையோடு தப்பிய அதே கப்டன்தான். சிட்னிக்கு வந்து சசெக்ஸ் வீதியில் கப்பல் பாய் தைக்கும் தொழில் நடத்தி வந்தார். கழிவறையில் செத்துக் கிடந்த எலிகளை எடுத்துப்போட்ட அவர், 1900 பெப்ரவரி 22 அன்று இறந்தார். அன்றைய உலகின் மிகப் பிரபலமான நீதிமன்றம் ஒன்றிலிருந்து உயிர் தப்பியவரைக் கொன்றது ஒரு தெள்ளுப்பூச்சி.

அந்த முதல் அலையில் சிட்னியில் 303 பேருக்கு நோய் கண்டது. 103 பேர் இறந்தார்கள். துறைமுகத்தை அண்டிய தெருக்கள் கயிறும் தடுப்பும் பொலிசும் வைத்து மூடப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் வெளியே போக முடியாது, வேலை போய்விட்டது. அவர்களிற் பலரே கூலிக்குத் தம் தெருக்களைச் சுத்தப்படுத்த அமர்த்தப்பட்டார்கள். ஜோர்ஜ் மக்ரெடி என்ற கட்டடக்கலைஞரின் பொறுப்பில் வீடுகள் கழுவப்பட்டன, சுண்ணாம்பு அடிக்கப்பட்டன, பல இடித்துத் தள்ளப்பட்டன. எலிக்குத் தலைக்கு இத்தனை பென்ஸ் என்று விலை வைத்தார்கள். அரசுக் கணக்கில் 44,000 எலிகள் வரை கொல்லப்பட்டன. அப்போது எடுக்கப்பட்ட புகைப்படங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இன்றும் உள்ளன. இடிந்த கொல்லைப்புறங்களில் நிற்கும் பெண்களையும் வெறுங்கால் பிள்ளைகளையும் எலிக் குவியலுக்குப் பின்னால் தொப்பியோடு நிற்கும் மனிதரையும் அவற்றிற் காணலாம்.

இங்கேயும் ஒரு "அந்நியர்" தேவைப்பட்டார். பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் சீனரைச் சுட்டினார்கள். சீனரின் குடியிருப்புகள் சோதிக்கப்பட்டன. உண்மையில் நோயுற்றவர்களில் சீனர் மிகச் சிலரே. ஆனால் வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கைக்கு அடித்தளமான குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1901இல் நிறைவேறுவதற்கு முன்னரான அந்த மாதங்களில், நோய் என்பது கீழைத்தேயத்தவரோடு வருவது என்ற எண்ணத்துக்குப் பிளேக் நன்றாகவே உதவியது.

இந்தக் கதையில் நான் மதிக்கும் ஒருவர் உண்டென்றால் அது நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத் துறையின் தலைவராயிருந்த டொக்டர் ஜோன் அஷ்பேர்ட்டன் தொம்சன்தான். அவர் வரைபடத்தை எடுத்தார். ஒவ்வொரு நோயாளியும் எங்கே படுத்தார் என்பதோடு நில்லாமல் எங்கே வேலை செய்தார் என்றும் கேட்டார். நோய், ஆட்களின் பின்னால் போகவில்லை. செத்த எலி கிடந்த கட்டடங்களைச் சுற்றியே நின்றது. ஒரே வீட்டில் நோயாளியைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் நலமாயிருந்தார்கள். கிருமியியலாளர் பிராங்க் ரிட்ஸ்வெல்லும் அவரும் சிட்னியில் செய்த வேலை, சிமோனின் கருத்தை உலகம் ஏற்பதற்குத் துணைசெய்தது. பின்வந்த அலைகளில் அழுத்தம் ஆட்களை அள்ளிச் செல்வதிலிருந்து எலியைத் தேடுவதற்கும், எலி புகாத கிட்டங்கிகளையும் இறங்குதுறைகளையும் கட்டுவதற்கும் மாறியது.

"எங்கே வேலை செய்கிறாய்?" என்ற அந்தக் கேள்வி முக்கியமானது. அதற்குப் பிறகு வருவேன்.

சுத்தப்படுத்தலின் பெயரால் அரசு த றொக்ஸையும் மில்லர்ஸ் பொயின்ரையும் கையகப்படுத்தித் தானே வீட்டுக்காரனாயிற்று. துறைமுகத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அங்கே அரச வாடகைக்கு இருந்தனர். 2014இல் அந்த வீடுகளை விற்கப்போவதாக மாநில அரசு அறிவித்தது. குடியிருந்த வயோதிபர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு நோயின் பெயரால் எடுக்கப்பட்ட நிலம் கடைசியில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்த வழியே நடந்து பார்ப்பவர்கள் காணலாம்.

கொழும்பும் மண்டபமும்: மூட்டையோடு வந்தது, ஆளோடு வந்ததாக எண்ணப்பட்டது

இலங்கை நீண்டகாலம் பிளேக்கிலிருந்து தப்பியிருந்தது. இந்தியா முழுவதும் நோய் எரிந்துகொண்டிருந்தபோது தென்னிந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் தொழிலாளரைக் கொண்டுவந்துகொண்டிருந்த ஒரு நாட்டுக்கு அது ஆச்சரியமான தப்பித்தல்தான். 1914 ஜனவரியில் கொழும்பில் பிளேக் தோன்றியது. மலையகத்துத் தோட்ட லயங்களில் அது தொடங்கவில்லை. கொழும்பு நகரின் அரிசிக் கிட்டங்கிகளைச் சுற்றித்தான் தொடங்கியது.

கொழும்பு மாநகரசபையின் கிருமியியலாளராக இருந்த எல். பேபியன் ஹேர்ஸ்ற் இந்தப் புதிரில் தன் வாழ்நாளைச் செலவிட்டார். எலித் தெள்ளுகளில் இனங்கள் உண்டு. வட இந்தியாவில் அதிகமுள்ள 'கியோபிஸ்' இனம் பிளேக்கைக் கடத்துவதில் கெட்டித்தனமானது. கொழும்பிலும் சென்னைச் சமவெளியிலும் அதிகமிருந்த 'அஸ்ரியா' இனம் அவ்வளவு திறமையானதல்ல. சென்னையும் இலங்கையும் தப்பியிருந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது அவரது முடிவு. தானிய மூட்டைகளோடு கெட்டிக்காரத் தெள்ளு வந்து இறங்கிய கிட்டங்கிப் பகுதிகளில்தான் நோய் வேர் பிடித்தது. 1953இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகிறது.

இனி மண்டபத்துக்கு வருவோம். தோட்டத் தொழிலாளருக்கான தடுப்பு முகாம் முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இருந்தது. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, அதே ஆண்டில் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கிய பின், அந்த இடத்தை மண்டபம் பிடித்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் அங்கே ஏறத்தாழ ஒரு வாரம் தடுத்து வைக்கப்பட்டார்கள். உடுப்புகள் நீராவியில் அவிக்கப்பட்டன. அம்மைப்பால் குத்தப்பட்டது. மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தவர்களுக்கும் முகாம்தான். உயர் வகுப்புப் பயணிக்கு வைத்தியரின் ஒரு பார்வையும் ஒரு சீட்டும் போதுமாயிருந்தது. தெள்ளுப்பூச்சி ரயில் வகுப்புப் பார்த்து ஏறுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே நான் நியாயமாக எழுத வேண்டும். மண்டபம் முழுக்க முழுக்க ஒரு கொடுமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, உண்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடு வழியே நடந்த எமது மலையகத்து முன்னோர்கள் வாந்திபேதியால் வழிநெடுகச் செத்து விழுந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் ஆளோடு பயணம் செய்யும் நோய்கள். அவற்றைத் தடுப்பதில் சில நாள் தடுத்துவைத்தலுக்கும் அம்மைப்பாலுக்கும் நல்ல தண்ணீருக்கும் பயன் இருந்தது. அந்த அம்மாவின் தாய் வழியில் சாகாமல் தோட்டம் போய்ச் சேர்ந்ததில் முகாமுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

ஆனால் சனங்களின் நினைவில் அந்த முகாம் "பிளேக் முகாம்" என்றே நின்றது. பிளேக்கைப் பொறுத்தவரை அதன் தர்க்கம் தலைகீழானது. நோய் வந்த வழி துறைமுகமும் அரிசி வணிகமும். தடுக்கப்பட்ட வழி கூலியாட்களின் வழி. அரிசி மூட்டையை ஒரு வாரம் நிறுத்தினால் வணிகருக்கு நட்டம். தோட்டத்துக்குச் சோறு இல்லை. ஆளை ஒரு வாரம் நிறுத்தினால் ஆளுக்கு மட்டுமே நட்டம். காவல் எங்கே போடப்படுகிறது என்பதைத் தீர்மானித்தது நோயின் பாதை மட்டுமல்ல. தாமதத்தின் செலவை யாருடைய தலையில் கட்டலாம் என்ற கணக்கும்தான். "எலி தோட்டத்துக்கு வேலைக்கா போகுது?" என்று அந்த அம்மா கேட்டதன் பொருள் இதுவே என்று இப்போது விளங்குகிறது. கட்டுப்படுத்தப்பட வேண்டியது நோய் என்றாலும், கட்டுப்படுத்தக் கையில் கிடைத்தது உழைப்பாளியின் உடம்பு.

கட்டிய காரணம் போனபின்னும் கட்டடம் நின்றது. தாயகம் திரும்பியோருக்கு அது இடைத்தங்கல் முகாமானது. 1983க்குப் பின் அகதிகளுக்கானது. ஒரே சுவர்களுக்குள் மூன்று தலைமுறைத் தமிழர்கள் மூன்று வெவ்வேறு பெயர்களில் எண்ணப்பட்டிருக்கிறார்கள்: கூலி, தாயகம் திரும்பியோர், அகதி.

தொழிற்சாலை: "எங்கே வேலை செய்கிறாய்?"

இப்போது தொழிற்சாலைக்கு வருகிறேன்.

1930களின் நடுப்பகுதியில் பிறிஸ்பேன் நகரின் மாடு வெட்டும் தொழிற்சாலையொன்றில் தொழிலாளர்களுக்கு விளங்காத காய்ச்சல் வந்தது. எட்வேர்ட் டெரிக் என்ற வைத்தியர் 1935இல் அதை ஆராயத் தொடங்கி, 1937இல் எழுதினார். மக்பார்லேன் பேர்னற் கிருமியை அடையாளம் காண உதவினார். காரணம் புரியாத காய்ச்சல் என்பதால் கேள்வி என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்தைக் கொண்டு 'கியூ காய்ச்சல்' என்று பெயரிட்டார்கள். தொழிலின் பெயரால் அழைக்கும் யோசனையும் இருந்தது. இறைச்சித் தொழிலுக்குக் கெட்ட பெயர் வரும் என்பதால் அது கைவிடப்பட்டது. மாடு, ஆடு, செம்மறி ஆகியவற்றின் ஈன்ற கழிவிலும் சாணத்திலும் உள்ள கிருமி தூசியோடு கலந்து மூச்சில் ஏறும். கடும் தலையிடி, வியர்வை, வாரக்கணக்கில் காய்ச்சல். சிலருக்கு மாதக்கணக்கில் களைப்பு, சிலருக்கு இருதய வால்வில் பாதிப்பு. இதற்கு ஒரு தடுப்பூசி உண்டு. அடிலெய்டில் பரி மார்மியனின் தலைமையில் உருவாக்கப்பட்டு 1989இல் அவுஸ்திரேலியாவில் அனுமதி பெற்றது.

ஊசி போடுவதற்கு முன் இரத்தமும் தோலும் சோதிக்க வேண்டும். ஏற்கெனவே கிருமியைச் சந்தித்த உடம்பில் ஊசி கடுமையான எதிர்விளைவைத் தரக்கூடும். தோல் சோதனையின் முடிவைப் பார்க்க ஏழு நாள். நான் சேர்ந்தபோது தாதி என்னிடம் கேட்டார்: ஊரில் மாடு, ஆடு வளர்த்தாயா? வளர்த்தோம். இரண்டு பசுவும் நாலைந்து ஆடும். சரி, ஏழு நாளுக்குப் பிறகு வா என்றார். அந்த ஏழு நாளும் எனக்குச் சம்பளமில்லை. ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு அதுதான் வழக்கம் என்று சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு வாரம்! மண்டபத்து வாசலில் இட்லிக்காரம்மா சொன்ன கணக்கு எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

நான் காத்திருந்து ஊசி போட்டுக்கொண்டேன். என்னோடு வந்த அண்ணை ஒருவர் காத்திருக்கவில்லை. அவருக்கு வாடகை இருந்தது, ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள். ஊசி கேட்காத இன்னோர் இடத்தில் தோல் உப்பிடும் வேலைக்குப் போனார். சில மாதங்களின் பின் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இரவெல்லாம் வியர்த்தது. டொக்டரிடம் போனார், ஆனால் எங்கே வேலை செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர். வேலை பற்றிய எந்தக் கேள்வியும் அவருக்கு விசாரணை போலவே கேட்டது. டொக்டரும் ஏதோ வைரஸ் என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது கிழமைதான் நாங்கள் வற்புறுத்தி, நானும் கூடப் போய், மாட்டுத் தோல் என்ற சொல்லை டொக்டரின் காதில் போட்டோம். உடனே இரத்தம் எடுத்தார்கள். கியூ காய்ச்சல்தான். மருந்து கிடைத்தது. ஆனால் களைப்பு இன்னும் முழுதாக நீங்கவில்லை. பழைய வேலைக்கு அவரால் திரும்ப முடியவில்லை.

பம்பாயில் பிணத்தை ஒளித்தவரும் மேற்கு சிட்னியில் வேலையை ஒளித்தவரும் ஒரே காரணத்துக்காகத்தான் ஒளித்தார்கள். நோயைவிட, நோயைச் சொன்னால் வரப்போகும் விளைவு அவர்களுக்குப் பயங்கரமாயிருந்தது. அந்தப் பயம் இருக்கும்வரை எந்த ஆய்வுகூடமும் எந்தச் சட்டமும் நோயைச் சரியாகக் காண முடியாது. தொம்சன் கேட்ட எளிய கேள்விக்கு உண்மையான பதில் வருவதற்கு, பதில் சொல்பவருக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும்.

ஒரு விவாதத்துக்காக

2021இல் சிட்னியில் கோவிட் பரவியபோது நாங்கள் பார்த்ததையும் இங்கே வைக்க வேண்டும். கிழக்குப் புறநகரில் ஒரு கார்ச் சாரதியோடு அந்த அலை தொடங்கியது. விமானப் பணியாளரை ஏற்றி இறக்குவது அவர் தொழில். 1900இல் வண்டிக்காரர், 2021இல் சாரதி: துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் தொட்டு வேலை செய்பவரைத்தான் நோய் முதலில் தொடும். அவரைத் திட்டாத வானொலி இல்லை. அவர் விதியை மீறியதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பொலிஸ் பின்னர் கூறியது. ஓகஸ்ற் மாதம் எமது கம்பர்லன்ட் உட்பட 12 மாநகரப் பகுதிகள் "கவலைக்குரியவை" என்று குறிக்கப்பட்டு, இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை ஊரடங்கு போடப்பட்டது. இராணுவத்தினர் பொலிசோடு வீதியில் நின்றார்கள். எமது சனத்துக்கு இராணுவமும் ஊரடங்கும் எவற்றை நினைவூட்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதே நாட்களில் நாங்கள் சிப்டுக்குப் போனோம். கடைகளில் இறைச்சி இருக்க வேண்டுமல்லவா!

இதனால் பென்டில் ஹில்லில் எனது நண்பர்கள் சிலர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கிருமி, ஊசி, தனிமைப்படுத்தல் எல்லாமே அதிகாரத்தின் சூழ்ச்சி என்கிறார்கள். அவர்களது கோபத்தை நான் பங்கிடுகிறேன்; முடிவை ஏற்கவில்லை. தெள்ளு உண்மை. கியூ காய்ச்சல் உண்மை. ஹாவ்கின் தன் கையில் ஏற்றிய ஊசியும் உண்மை. ஊசி போட்டுக்கொண்ட நான் வேலை செய்கிறேன். போடாத அண்ணை படுத்திருக்கிறார். விஞ்ஞானத்தை மறுப்பதால் அதிகாரம் பலவீனப்படுவதில்லை. எமது உடம்புதான் பலவீனப்படுகிறது. எதிர்த்துக் கேட்க வேண்டியது வேறு: தடுப்பின் செலவை யார் சுமப்பது?

வேறு வழியிலும் செய்யலாம் என்பதற்கு ஊரிலேயே உதாரணம் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் சிலர் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தார்கள். வெள்ளத்துக்குப் பின் பரவிய எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டது. வயலில் இறங்குவோருக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கப்பட்டது. வேலியோ காவலோ இல்லை. வேலை எது என்று கேட்டு, அந்த வேலை செய்பவரிடம் மருந்தைக் கொண்டுபோனார்கள். பொதுச் சுகாதாரம் என்பதற்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்.

எனவே மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். இறைச்சி, தோல், ஆட்டு மாட்டுப் பண்ணை வேலைக்குப் போகும் எம்மவர்கள் கியூ காய்ச்சல் ஊசியைக் கேட்டு வாங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் விசாவைப் பற்றி அல்ல, வேலையைப் பற்றி முதலில் டொக்டரிடம் சொல்ல வேண்டும். தனியாகப் போகப் பயமென்றால் மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அந்த ஏழு நாளுக்குச் சம்பளம் என்பதைத் தொழிற்சங்கத்தில் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும். எனது தொழிற்சாலையில் நாங்கள் பதினொரு பேர் இதற்காகக் கையெழுத்திட்டிருக்கிறோம். நால்வர் தமிழர், மற்றவர்கள் நேபாளிகள், வியட்நாமியர், சூடானியர். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இந்தப் பக்கங்களில் எழுதுவேன். மாற்றுக் கருத்துள்ளவர்களும் எழுத வேண்டும்.